கோட்டை அடுப்பு

சாப்பாட்டுப் பொட்டலம் என்றால் எனக்கு நாகப்பட்டினம்தான் ஞாபகத்துக்கு வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய அந்த வாரம். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாங்கள் சிலர், பட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பிய ஒரு மினி லாரியில் தொற்றிக்கொண்டு போனோம். லாரி நிறைய புளிசாதப் பொட்டலம். அக்கரைப்பேட்டைக்குப் போகும் வழியில் எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியிலும் புளிசாதம், அதற்கும் முன்னால் நின்றதில் எலுமிச்சை சாதம். எந்தெந்த ஊரிலோ ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கிளறி, இலை வைத்துக் கட்டி, நூல் சுற்றி எடுத்து வந்த சோறு. சாலையோரத்தில் பிரிக்காத பொட்டலங்கள் குவிந்து ஊசிப்போய்க் கிடந்தன. பக்கத்தில் பழைய துணிக் குவியல். அதையும் யாரும் தொடவில்லை.

அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த மீனவர் வீட்டு அம்மா ஒருவர், பொட்டலம் நீட்டிய எங்கள் டிரைவரிடம் சொன்னார்: "சோறு வேணாம் தம்பி. ஒரு குண்டான், கொஞ்சம் அரிசி, ஒரு வத்திப்பெட்டி இருந்தாக் குடு. நாங்க ஆக்கிக்கிறோம்." டிரைவர் அவரைப் புரியாமல் பார்த்தார். எங்களிடம் அந்த மூன்றும் இல்லை. பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனோம்.

அந்த அம்மா கேட்டதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பது 2018 நவம்பரில் எங்கள் ஊருக்கே கஜா புயல் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் சேதுபாவாசத்திரத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. அங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். பதினைந்தாம் தேதி சாயங்காலமே கூரை வீட்டுக்காரர்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடக்கும் என்றார்கள். நடுராத்திரிக்கு மேல் கடந்தது. ஒரு திசையிலிருந்து அடித்துக் கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி வேறொரு திசையிலிருந்து அடித்தது காற்று. அந்த ராத்திரியைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது விடிந்த பிறகு நடந்ததைத்தான்.

விடிந்தபோது தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் பிறந்தவனுக்கு வீட்டு வாசலிலிருந்து அவ்வளவு வானம் பார்த்துப் பழக்கமில்லை. மரங்கள் வேரோடு சாய்ந்தும், பாதியில் முறுக்கி ஒடிந்தும் கிடந்தன. நான்கு மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துவிட்டன என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செல்போனில் சிக்னல் இல்லை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற கரண்ட் இல்லை, ரோடு முழுக்க மரம் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் முன்னூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பிள்ளைகள் பசிக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

முகாமுக்கு உணவு வரும் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்கள். வர வழியில்லை. ரோட்டை வெட்டித் திறந்தால்தான் வண்டி. சத்துணவு மையத்தின் சரக்கு அறையில் மூட்டையாக அரிசி இருந்தது, துவரம்பருப்பு இருந்தது, பாமாயில் பாக்கெட்டும் உப்பும் இருந்தன. அந்த வாரத்துக்கு வந்த முட்டை, அட்டை அட்டையாக, ஒன்றுகூட உடையாமல் இருந்தது. அத்தனை பெரிய வாகை மரத்தைப் பெயர்த்த காற்று முட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தது வேடிக்கைதான்.

தலைமையாசிரியர் தயங்கினார். அது மாணவர் கணக்கில் வந்த அரிசி. எழுத்து மூலமாக உத்தரவு இல்லாமல் எடுத்தால் நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். போன் போட்டுக் கேட்கலாம் என்றால் போன் இல்லை. சாவி சத்துணவு அமைப்பாளர் அம்மாவிடம் இருந்தது. ஓய்வு பெறப் பக்கத்தில் இருந்தவர். சேலை முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "புள்ளைங்களுக்கு வந்த அரிசிதான் சார். அந்தப் புள்ளைங்கதான் அப்பா அம்மாவோட இங்க படுத்திருக்கு. இதுல யார்கிட்ட என்ன கேக்கணும்?"

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இருப்புப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, எடுக்கிற அரிசியின் அளவை எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பின்னால் யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஊர் அவருக்குப் பின்னால் நின்றிருக்கும்.

சமையலறை ஷீட்டைக் காற்று எடுத்துக்கொண்டு போய் எங்கோ வயலில் போட்டுவிட்டது. கேஸ் அடுப்பு இருந்தது, சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் கல்யாணம், கருமாதிக்கெல்லாம் சமைக்கிற மாஸ்டர் ஒருவரும் குடும்பத்தோடு முகாமில்தான் இருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியை எடுத்து மைதானத்தில் மேடாக இருந்த இடத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டி, இடிந்த சுற்றுச்சுவர்ச் செங்கல்லை இரண்டு பக்கமும் அடுக்கிக் கோட்டை அடுப்பு போட்டார். மூன்று அண்டா வரிசையாக வைக்கலாம். அண்டா, ஜல்லிக்கரண்டி, வடிதட்டு எல்லாம் பாத்திர வாடகைக் கடையிலிருந்து தலைச்சுமையாக வந்தன. கடைக்காரர் வாடகைப் பேச்சே எடுக்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். அந்த நேரத்திலும் எழுதிக்கொண்டாரே என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அது சரியாகவே பட்டது. எழுதி வாங்கிய பாத்திரம்தான் எழுதியபடி திரும்பிப் போகும். அடுத்த முறையும் வரும்.

விறகுதான் பிரச்சினை. சுற்றிலும் விழுந்து கிடந்ததெல்லாம் மரம், ஆனால் எல்லாம் பச்சை, எல்லாம் ஈரம். புகைந்ததே தவிர எரியவில்லை. ஒரு கொப்பரைக் கொட்டகையில் மூட்டை கட்டி வைத்திருந்த கொட்டாங்கச்சி முதல் நாளுக்கு ஓடியது. அதற்குப் பிறகு ஒருவர் தன் வீட்டுக் கைமரத்தை இழுத்துக்கொண்டு வந்தார். வீடு விழுந்துவிட்டது. கைமரம் வருஷக்கணக்கில் அடுப்புப் புகையில் காய்ந்த மரம், மழையில் மேலாக நனைந்திருந்ததே தவிர உள்ளே வறண்டு இருந்தது. கோடாரி போட்டுப் பிளந்து வைத்ததும் பிடித்துக்கொண்டது. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கொண்டுவந்தார்கள். தங்கள் வீட்டுக் கூரையை எரித்து ஊருக்குச் சோறாக்கினார்கள் என்று பேச்சுப் போட்டியில் சொல்லலாம். அங்கே அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. காய்ந்த விறகு அது ஒன்றுதான், அவ்வளவுதான்.

காய்கறிக்கும் புயலே வழிசெய்தது. முருங்கை முறியாத வீடு இல்லை. வாழை மொத்தமும் சாய்ந்துவிட்டதால் வாழைக்காய், வாழைப்பூ, தண்டு மூன்றும் மலிந்து கிடந்தன. தேங்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குடிதண்ணீர் இல்லாத நாட்களில் இளநீரைத்தான் குடித்தோம். முற்றிய காயெல்லாம் அண்டாவுக்குள் போயிற்று. சாம்பாரில் தேங்காய், பொரியலில் தேங்காய், கஞ்சிக்குத் தேங்காய்த் துவையல். அவ்வளவு தாராளமாகத் தேங்காய் அரைத்த சாப்பாட்டை நாங்கள் கல்யாணத்தில்கூடச் சாப்பிட்டதில்லை. இனிமேல் பல வருஷத்துக்குத் தேங்காயை விலைக்கு வாங்க வேண்டிவரும் என்பது அரைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் அதைப் பேசவில்லை.

சத்துணவுச் சமையலர் அக்காவிடம் ஒரு கணக்கு மனப்பாடமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, ஆறாம் வகுப்பிலிருந்து நூற்றைம்பது. பெரியவர்களுக்கு அவரே ஒரு அளவு வைத்துக்கொண்டார். கிலோவுக்கு ஏழு பேர் என்று மாஸ்டர் சொன்னார், அது கல்யாணக் கணக்கு என்று அக்கா மறுத்துவிட்டார். "அங்க பாயசம், வடை, அப்பளம்னு வயிறு நெறைய ஆயிரம் இருக்கு. இங்க சோறு மட்டுந்தான். கிலோவுக்கு அஞ்சு பேரு." அக்கா சொன்னதுதான் சரியாக வந்தது. முதல் நாள் பலருக்கு உள்ளே இறங்கவில்லை, இலையில் அளைந்துகொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பசிக்குத் தெரிந்துவிடுகிறது போல, அழுகைக்கெல்லாம் ஒரு கெடு உண்டு என்று.

இந்த அக்காவுடைய வீடும் ஓட்டு வீடு. பாதி ஓடு போய்விட்டது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் நின்றவர், பல நாட்களுக்கு அங்கேயிருந்து நகரவில்லை.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோறு தயாரானதும் நாங்கள் வாத்தியார்கள் வழக்கப்படி எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னோம். ஆளுக்கொரு தட்டு, அடுத்த ஆள், அடுத்த ஆள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நிக்க வச்சுப் போடாதீங்க சார். உக்கார வச்சுப் போடுங்க. இவங்க யாரும் வாங்கித் திங்க வந்தவங்க இல்ல." வகுப்பறைப் பாய்களையும் சாக்கையும் விரித்துப் பந்தி போட்டோம். கிழிந்த வாழை இலையைக் கத்தரித்து வைத்தோம். இரண்டாம் நாளோடு இலை வாடிப்போனது, பிறகு பிள்ளைகளின் சத்துணவுத் தட்டுதான்.

பந்தி போட்டதால் ஒன்று நடந்தது. எங்கள் ஊரில் ஐந்து ஏக்கர் தோப்புக்காரர் ஒருவர் இருந்தார். மாடி வீடு, எனவே முகாமுக்கு வரவில்லை. ஆனால் மோட்டார் இல்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, கடையும் இல்லை. அவரும் அவர் மனைவியும் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் நிற்க அவர் வந்திருக்கவே மாட்டார். பந்தி என்றதும் மாஸ்டரே அவர் வீட்டுக்குப் போய், விசேஷ வீட்டுக்கு அழைக்கிற மாதிரி அழைத்தார். வந்தார். அவர் தோப்பில் காலமெல்லாம் மரம் ஏறியவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு எழுந்தவர் மறுநாள் காலையில் தன் வீட்டிலிருந்த அரிசி மூட்டையை டிராக்டரில் போட்டு அனுப்பிவிட்டார். வரிசை போட்டிருந்தால் அந்த மூட்டை வந்திருக்காது.

எல்லாமே இப்படி நடந்தது என்று எழுதினால் அது பொய். காலனிக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்காமல் அங்கன்வாடிக் கட்டடத்தில் தனியாகத் தங்கவைத்திருந்தார்கள். யார் முடிவு செய்தது என்று கேட்டால் இடம் போதவில்லை என்றார்கள். சமையல் உதவியாளர் அந்தத் தெருவைச் சேர்ந்தவர். அவர் அண்டா பக்கம் வந்தபோது, நாங்கள் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம் என்று இரண்டு மூன்று குடும்பங்கள் சொன்னார்கள். வாங்கிக்கொண்டுபோய்ச் சாப்பிட்டது அதே சோற்றைத்தான். அதைச் சுட்டிக்காட்டியதற்கு என் மேல் கோபித்துக்கொண்டார்கள். புயல் சாதி பார்க்காமல் அடித்தது என்று அந்தச் சமயத்தில் பல பேர் எழுதினார்கள். புயலைப் பொறுத்தவரை அது உண்மை. நிவாரண லாரி மெயின் ரோட்டுத் தெருவோடு நின்றுவிடும். காலனிக்கு உள்ளே போகாது. பெரிய சண்டைக்குப் பிறகு வந்த சரக்கைக் குடும்பக் கணக்குப் போட்டுப் பிரிக்க ஒத்துக்கொண்டார்கள். காலனி இளைஞர்கள் அங்கன்வாடி முன்னால் தங்களுக்கென்று ஒரு அடுப்புப் போட்டுக்கொண்டார்கள். பெரியவர்கள் கடைசிவரை ஒரே பந்தியில் உட்காரவில்லை.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மணி அடித்ததும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தட்டோடு ஓடி வந்து, யாரும் சொல்லாமல், தினமும் மதியம் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்கள். சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் தியாகராயச் செட்டியார் காலத்தில் ஆரம்பித்த வழக்கம் அது. காமராஜர் 1956இல் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் பெருக்கியது. இந்தத் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வருகைப்பதிவு கூடியதையும் எடை கூடியதையும் சொல்வார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் சாப்பிடப் பழக்கியதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் தாங்குகிறது என்பதும் உண்மை.

ரோடு திறந்த பிறகு லாரிகள் வந்தன. உள்கிராமத்துக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரத்தைப் போட்டு வண்டிகளை மறித்தார்கள். அடாவடி என்று அதைச் சில பத்திரிகைகள் எழுதின. மறிக்காவிட்டால் எல்லாச் சரக்கும் ரோட்டோர ஊர்களிலேயே இறங்கிவிடும். உள்ளே மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

வந்ததில் கேரளத்து வண்டிகளும் உண்டு. அந்த ஆகஸ்டில்தான் அங்கே பெருவெள்ளம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள்கூட ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்தது மட்டை அரிசி. சிவப்பாக, குண்டு குண்டாக. அக்கா வழக்கம்போல உலையில் போட்டுவிட்டுக் காத்திருந்தார், காத்திருந்தார், வேகவே இல்லை. பந்தி முழுக்கத் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் அதைக் கஞ்சியாக்கித்தான் இறக்கினார். வயசானவர்களுக்கு அன்றைக்குத்தான் சாப்பிட்ட மாதிரி இருந்ததாம். என் அப்பாயி சின்ன வயதில் பார்த்த 1952ஆம் வருஷத்துப் புயலை 'அம்பத்திரெண்டு புயல்' என்பார். அதற்குப் பிறகு கஞ்சி ஊற்றிய இடத்துக்குச் சட்டியோடு போனதைச் சொல்லும்போது, கஞ்சியைவிடப் போகிற வழியில் யார் பார்த்துவிடுவார்களோ என்று முக்காடு போட்டுக்கொண்டு போனதைத்தான் அதிகம் சொல்வார். அவருக்கும் யாராவது பந்தி போட்டிருக்கலாம்.

பொட்டலங்களும் வந்தன, சந்தேகமே வேண்டாம். பிரட், பன், புளிசாதம், தக்காளி சாதம். வந்தவர்களின் நல்லெண்ணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் கட்டிய சோறு எங்களிடம் வந்து சேரும்போது சாயங்காலம். அடுப்பு எரிகிற இடத்தில் அந்தப் பொட்டலம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மாஸ்டர் ஒரு வண்டிக்காரரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்: "அண்ணே, சோத்த வேற ஊருக்குக் குடுங்க. எங்களுக்கு மொளகாத்தூள், புளி, கடுகு, எண்ணெய். முடிஞ்சா ஜெனரேட்டருக்கு டீசல்." அடுத்த நடையில் அவர் அதையே கொண்டுவந்தார். அந்த ஜெனரேட்டரை வைத்துத்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். தண்ணீர் இல்லாமல் அடுப்பு இருந்து பிரயோஜனமில்லை என்பதைச் சமைக்கிறவர்களைத் தவிர யாரும் யோசிப்பதில்லை. அரிசி களையத் தண்ணீர், வேகத் தண்ணீர், அண்டா கழுவத் தண்ணீர், சாப்பிட்டவர் கை கழுவத் தண்ணீர்.

பள்ளிக்கூடம் திறந்து முகாம் கலைந்த பிறகும் கோட்டை அடுப்பு சில நாள் எரிந்தது. மின்கம்பம் நட வந்த தொழிலாளர்களுக்காக. வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்திருந்தார்கள். சேற்றில் இறங்கித் தோளில் கம்பம் சுமந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு போட்டி. அன்புதான், மறுக்கவில்லை. நன்றாகச் சாப்பாடு போடுகிற தெருவுக்குக் கரண்ட் முதலில் வரும் என்ற நம்பிக்கையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. ஒரு தெருவில் கறிக்குழம்பே வைத்தார்கள். அவர்களுக்கு எங்களைவிட இரண்டு நாள் கழித்துத்தான் கரண்ட் வந்தது.

இத்தனையையும் விவரமாக எழுதியதால் பசி அந்த இரண்டு மூன்று வாரத்தோடு முடிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உண்மையான பசி தை மாதத்துக்குப் பிறகுதான் வந்தது. அப்போது லாரியும் இல்லை, கேமராவும் இல்லை. தென்னை என்பது தோப்புக்காரர் ஒருவருக்கு மட்டும் சோறு போடுகிற மரமல்ல. மரம் ஏறுகிறவர், மட்டை உரிக்கிறவர், கொப்பரை உடைக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், கயிறு திரிப்பவர்கள், ஏற்றி இறக்குகிறவர்கள் என்று வரிசை நீளமானது. விழுந்த மரத்துக்கு, வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து 1,100 ரூபாய் அரசு கொடுத்தது. அது மரம் யாருடையதோ அவருக்கு. அந்த மரத்தில் ஏறியவருக்கும் அதன் கீற்றை முடைந்தவருக்கும் மரக் கணக்கில் எதுவும் இல்லை. புதிதாக வைக்கிற கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாவது வேண்டும். படகு உடைந்தவர்கள் கதை தனி. ரேஷன் அரிசி இருந்ததால் உலை கொதித்தது, குழம்புக்கு வழியில்லை. திருப்பூருக்கும் சென்னைக்கும் ஆண்கள் வேலை தேடிக் கிளம்பினார்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தவரும் சமையலர் அக்காதான். பிப்ரவரி வாக்கில் அமைப்பாளர் அம்மாவிடம் வந்து, "திங்கக்கெழம மட்டும் ரெண்டு கிலோ சேத்துப் போடணும்மா" என்றார். ஏன் என்று கேட்டோம். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட பிள்ளைகள் திங்கள் மதியம்வரை வீட்டில் சாப்பிட்டது போதவில்லை. திங்களன்று சோறு மீறுவதே இல்லை, வெள்ளியன்று மீறுகிறது என்றார். நானும் கவனிக்க ஆரம்பித்தேன். திங்கள் காலை இறைவணக்கத்தில் மயங்கி உட்காரும் பிள்ளைகள் மற்ற நாட்களைவிட அதிகம்தான். எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாததை ஒரு அண்டாவின் அடியில் மிஞ்சியதைப் பார்த்துச் சொல்லிவிட்டார். இருக்கிற இருப்பை வைத்து வெள்ளிக்கிழமையில் குறைத்துத் திங்கட்கிழமையில் கூட்டினோம். பிற்பாடு 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில் வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். செய்தியைப் படித்தபோது அக்காவின் திங்கட்கிழமைதான் என் நினைவுக்கு வந்தது.

இடையில் 2020 வந்தது. மார்ச்சில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பிள்ளைகளுக்குச் சமைத்த சோற்றுக்குப் பதில் அரிசியும் பருப்பும் முட்டையுமாகக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு, வேறு வழியும் இல்லை. ஆனால் பிள்ளை கணக்கில் வந்த அரிசியை வீட்டில் எல்லாருமாகச் சாப்பிட்டார்கள், சாப்பிடத்தானே செய்வார்கள். பள்ளிக்கூட அண்டாவில் வெந்தால் அந்த நூறு கிராம் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும்.

தமிழ்நாட்டில் சுமார் 43,000 சத்துணவு மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடிகள் வேறு. ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒரு அடுப்பு, அண்டா, சரக்கு அறை, நூறு பேருக்கு அளவு தெரிந்து சமைக்கிற ஒரு பெண். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னமும் அணையாமல் எரிகிறது என்று பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். அதே மாதிரி ஊருக்கு ஊர் எரிகிற இந்த அடுப்பை நாம் ஒரு பேரிடர் ஏற்பாடாக நினைத்ததே இல்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் சரக்கு அறையைத் திறக்கலாம் என்று ஒரு நிலையான உத்தரவு இருந்தால், எங்கள் தலைமையாசிரியர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை. முகாம் நாட்களில் சமைக்கிறவர்களுக்குத் தனிச் சம்பளமும் கொடுக்க வேண்டும். காலமுறை ஊதியம் கேட்டுச் சத்துணவுப் பணியாளர்கள் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மறியல் செய்கிற செய்தி வரும்போது, இவர்களுக்கு என்ன வேலை, மதியம்வரைதானே என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் உண்டு. எங்கள் ஊர் டீக்கடையில் இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.

வங்காள விரிகுடாவில் அடுத்த புயல் வரத்தான் போகிறது. லாரி பிடித்துக் கிளம்பும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். சமைத்த சோறு வேண்டாம். போன் எடுக்காது, ஆகவே ஒருவரை முன்னால் பைக்கில் அனுப்பி, அங்கே சமைக்கிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய்த்தூள், தீப்பெட்டி, நல்ல பாத்திரம், டீசல், பெண்களுக்கு நாப்கின் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பாமல் கடைசித் தெருவரை போங்கள். இரண்டு லாரிக்குப் பணம் சேர்ந்திருந்தால் ஒன்றை மட்டும் இப்போது அனுப்புங்கள். இரண்டாவதைத் தை பிறந்து, எல்லாரும் அந்த ஊரை மறந்த பிறகு அனுப்புங்கள்.